சில்வர் பீச்சில் 172: வாட்ச் காட்டும் இதயத் துடிப்பை எப்போது நம்பலாம்?

காலை ஆறு மணிக்குக் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனால், நடக்க வந்தவர்களில் பலருடைய மணிக்கட்டில் ஒரு ஸ்மார்ட் வாட்சையோ ஃபிட்னஸ் பேண்டையோ பார்க்கலாம். தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு சுற்று, கரையோரமாக இன்னொரு சுற்று. ஓடி முடித்து உட்கார்ந்ததும் பேச்சு அந்த எண்ணுக்கு வந்துவிடும். “எனக்கு 172 போயிடுச்சுங்க” என்பார் ஒருவர். “இவ்ளோ மெதுவா ஓடினதுக்கா? எனக்கு 118தான் காட்டுது” என்பார் கூட ஓடியவர். இருவருக்கும் வயது ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும். ஒரே வேகத்தில், ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓடி வந்தவர்கள்.

ஐம்பது வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 172 என்பது ஏறக்குறைய இதயத்தின் உச்ச வேகம். அந்த வேகத்தில் துடிக்கும்போது ஊர்க்கதை பேச முடியாது, மூச்சு வாங்கும். ஆகவே 172 என்ற எண் அவருடைய இதயத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது அவருடைய கால்களிலிருந்து வந்திருக்கும். மெதுவோட்டத்தில் பெரும்பாலானோர் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வரை எடுத்து வைக்கிறார்கள். வாட்ச், இதயத் துடிப்பை விட்டுவிட்டுக் காலடிகளை எண்ணிக் காட்டியிருக்கிறது.

இது ஏதோ ஒரு மட்டமான கருவியில் மட்டும் வரும் கோளாறு என்று நினைக்க வேண்டாம். விலை உயர்ந்த வாட்சிலும் இது நடக்கும். காரணம், மணிக்கட்டில் துடிப்பை அளக்கும் முறையிலேயே இருக்கிறது. அந்த முறையைப் புரிந்துகொண்டவர்கள் எந்த எண்ணை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்று தாங்களே முடிவு செய்துகொள்ள முடியும்.

பச்சை விளக்கு என்ன செய்கிறது?

வாட்சைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் பச்சை நிறத்தில் சிறிய விளக்குகள் மினுக்கும். அவை தோலுக்குள் ஒளியைச் செலுத்துகின்றன. பக்கத்தில் இருக்கும் சென்சார், உள்ளே போய்த் திரும்பி வரும் ஒளியின் அளவைப் பார்க்கிறது. இதயம் ஒருமுறை சுருங்கும்போது மணிக்கட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் சற்றுக் கூடுகிறது; அடுத்த கணம் குறைகிறது. ரத்தம் கூடும்போது ஒளி அதிகமாக உறிஞ்சப்படும், திரும்பி வருவது குறையும். இந்த ஏற்ற இறக்கம்தான் துடிப்பு.

ஏன் பச்சை? சிறு வயதில் இருட்டறையில் டார்ச் விளக்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். விரல் சிவப்பாக ஒளிரும். சிவப்பு ஒளி ரத்தத்தைத் தாண்டி வந்துவிடுகிறது. பச்சையை ரத்தம் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. ரத்தத்தின் சிறு மாற்றத்தைக்கூடப் பச்சை ஒளி பளிச்சென்று காட்டுவது அதனால்தான். ஒளியால் நாடியை அளக்கும் இந்த முறைக்கு வயது எண்பதுக்கும் மேல். அமெரிக்க உடலியல் அறிஞர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1930-களின் இறுதியிலேயே இதை விளக்கி எழுதிவிட்டார். கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சித்த மருத்துவர் நாடி பார்க்கும்போது கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டின் உட்புறத்தில் ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் வைக்கிறார். அங்கே ஒரு நல்ல தமனி தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. வாட்ச் உட்காருவதோ மணிக்கட்டின் வெளிப்புறத்தில். அங்கே எலும்பும் தசைநாரும்தான் அதிகம். வாட்சுக்குக் கிடைப்பது நுண்குழாய்களின் மெல்லிய அசைவு மட்டுமே. கையை வீசும்போதும் காலை ஊன்றும்போதும் வரும் அதிர்வு, அந்த மெல்லிய அசைவைவிடப் பல மடங்கு பெரியது. உள்ளே இருக்கும் மென்பொருள் அதிர்வைக் கழித்துவிட்டுத் துடிப்பை மட்டும் பிரித்தெடுக்க முயல்கிறது. காலடியின் வேகமும் துடிப்பின் வேகமும் பக்கத்துப் பக்கத்து எண்களாக இருந்தால் அது ஏமாந்துபோகிறது.

சீராக ஏதாவது தெரிந்தால் போதும், சில கருவிகள் அதைத் துடிப்பாகவே எடுத்துக்கொள்ளும். 2018-இல் சீனாவில் சிலர் ஃபிட்னஸ் பேண்டைக் கழிப்பறைக் காகித உருளையில் கட்டிப் பார்த்தபோது அதற்கும் ஒரு ‘இதயத் துடிப்பு’ காட்டியது. ஒளி திரும்பி வருகிறது, அதில் ஏதோ ஒரு ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஓர் எண் வந்துவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வது

இதயம் துடிக்கும்போது எழும் மின்சாரத்தை நேரடியாகப் பிடிப்பது ஈ.சி.ஜி. நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் அதற்காக 1924-இல் நோபல் பரிசு பெற்றார். மார்பில் கட்டும் பட்டையும் அதே மின்சாரத்தைத்தான் பிடிக்கிறது. ஃபின்லாந்தில் 1977-இல் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம், 1980-களின் தொடக்கத்தில் கம்பியில்லாத துடிப்பு மானியை விளையாட்டு வீரர்களுக்குக் கொண்டுவந்தது. மணிக்கட்டுக் கருவிகள் பரவிய பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் வந்துவிட்டன.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேர் ட்ரெட்மில்லில் நடந்தும் ஓடியும் காட்டினார்கள். ஈ.சி.ஜி.யோடு மார்புப் பட்டை ஒத்துப்போன அளவு, 1 என்பது முழுப் பொருத்தம் என்றால், 0.99. நான்கு மணிக்கட்டுக் கருவிகள் 0.83-க்கும் 0.91-க்கும் இடையில் நின்றன. மறு ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகளின் துடிப்புப் பிழை 5 விழுக்காட்டுக்குள் இருந்தது. அதே கருவிகள் ‘எரித்த கலோரி’ என்று காட்டிய கணக்குதான் சரிந்து விழுந்தது: மிகச் சிறந்த கருவியிலேயே சராசரிப் பிழை 27 விழுக்காடு, மிக மோசமானதில் 93. “400 கலோரி எரிச்சாச்சு, ரெண்டு பூரி சேர்த்துச் சாப்பிடலாம்” என்று கணக்குப் போடுபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிப்பது நல்லது.

நம் ஊரில் எழும் இன்னொரு கேள்வி தோலின் நிறம். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். அப்படியானால் கறுத்த தோலில் வாட்ச் தப்பாகக் காட்டுமா? ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கறுத்த தோலில் பிழை கூடுதலாக இருந்தது. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தார் எல்லாத் தோல் நிறங்களையும் சேர்த்து 53 பேரிடம் பார்த்தபோது, நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அவர்கள் கண்ட பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருந்தது: ஓய்வில் இருப்பதைவிட, உடல் அசையும்போது பிழை சராசரியாக 30 விழுக்காடு கூடியது. ஆகவே வெயிலில் கறுத்த கைக்காரர்கள் நிறத்தை எண்ணிக் கவலைப்படுவதைவிட, வாட்ச் ஆடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

கட்டும் விதம்

பலரும் வாட்சை வளையல் போலத் தளர்வாக, மணிக்கட்டு எலும்பின் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். எலும்பு மேட்டில் சென்சார் சரியாகப் படியாது. இடுக்கு வழியே வெயில் உள்ளே புகும். நடைக்கும் ஓட்டத்துக்கும் புறப்படும்போது எலும்பிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு மூன்று விரற்கடை மேலே ஏற்றி, ஸ்ட்ராப்பை ஒரு துளை இறுக்கிக் கட்ட வேண்டும். கையை உதறினால் வாட்ச் நகரக் கூடாது. அதே நேரம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவு இறுக்கவும் கூடாது. ஓடி முடித்ததும் தளர்த்திவிடலாம்.

கோயிலில் கட்டிய கயிறு சென்சாருக்கு அடியில் சிக்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கயிற்றை அவிழ்க்க மனம் வராதவர்கள் வாட்சை மறு கைக்கு மாற்றிக்கொள்ளலாம். வளையல்கள் நடக்கும்போது வாட்சை இடித்துத் தள்ளும். பச்சை குத்திய இடத்தில் மை ஒளியை மறித்துவிடும். அங்கே கட்டினால் எண் விட்டு விட்டு வரும், வராமலும் போகும். எந்தக் கையால் அதிகம் வேலை செய்கிறோமோ அந்தக் கையைத் தவிர்ப்பது நல்லது.

கடற்கரை ஊருக்கென்று ஒரு வேலையும் உண்டு. வியர்வை உப்பும் கடற்காற்றின் உப்பும் காய்ந்து சென்சார் கண்ணாடியில் படலமாகப் படியும். தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன், பொடி மணல் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். ஈரத்துணியால் துடைத்து, தோலையும் வாட்சையும் உலரவிட்டுக் கட்டினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஓட்டத்தைத் தொடங்கும் முன் வாட்சில் அந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குவதும் முக்கியம். சாதாரண நேரத்தில் பல கருவிகள் பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் அளக்கும். பயிற்சி என்று சொன்னால்தான் இடைவிடாமல் அளக்கும்.

நாட்டியமும் துடுப்பும்

கடலூரிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் சிதம்பரம். மகா சிவராத்திரியை ஒட்டி 1981-இலிருந்து நாட்டியாஞ்சலி நடக்கும் ஊர். பரதம் ஆடுபவர்கள் பயிற்சியின்போது வாட்ச் கட்டிக்கொண்டால், மணிக்கட்டுச் சென்சாருக்கு அதைவிடக் கடினமான தேர்வு வேறில்லை. முத்திரைக்காக மணிக்கட்டு மடங்கிக்கொண்டும் சுழன்றுகொண்டும் இருக்கும். ஒவ்வொரு மடக்கிலும் தசைநார்கள் நகர்ந்து தோலையும் வாட்சையும் பிரிக்கும். நாட்டியாரம்பத்தில் கைகள் தோள் உயரத்தில் நிற்கும். தொங்கும் கையைவிட உயர்த்திய கையில் ரத்தம் குறைவு, ஆகவே சென்சாருக்குக் கிடைக்கும் சமிக்ஞையும் மாறும். இதற்கு மேல், முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் தட்டடவு. தரையில் விழும் ஒவ்வொரு தட்டும் மணிக்கட்டு வரை அதிரும்.

ஆனால் வாட்ச் ஏமாறுகிறதா என்று கண்டுபிடிக்க நாட்டியத்திலேயே அருமையான வழி இருக்கிறது. ஒரே அடவை முதற்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஆடிவிட்டு இரண்டாம் காலத்துக்குப் போனால் தட்டுகள் இரட்டிப்பாகும். இதயம் உடனே இரட்டிப்பு வேகத்துக்குத் தாவாது. அரை நிமிடம், ஒரு நிமிடம் எடுத்துப் படிப்படியாக ஏறும். காலம் மாறிய அதே கணத்தில் எண்ணும் எகிறிக் குதித்தால், வாட்ச் காலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. சில்வர் பீச் ஓட்டக்காரரும் இதையே செய்து பார்க்கலாம்: ஓட்டம் தொடங்கி அரை நிமிடத்திலேயே 170 வந்து, வேகத்தைக் குறைத்தாலும் அங்கேயே நின்று, காலை நிறுத்தியதும் சட்டென்று 120-க்கு விழுந்தால், அந்த 170-ஐ மறந்துவிடலாம்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் துடுப்புப் போடும் கைக்கும் இதே சிக்கல்தான். துடுப்பை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசைகள் இறுகி, ரத்த ஓட்டம் மாறும். மணிக்கட்டு ஒவ்வொரு வீச்சிலும் மடங்கும். எடை தூக்குதல், சிலம்பம், கரடுமுரடான சாலையில் சைக்கிள் என்று கை பிடித்து வேலை செய்யும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இந்தப் பயிற்சிகளில் துடிப்பின் கணக்கு உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் மார்புப் பட்டை வாங்குவதே சரி. பட்டையின் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். ஈரம் இருந்தால்தான் மின்சாரம் கடத்தும். மார்பில் கட்டப் பிடிக்காதவர்களுக்கு மேற்கையில் கட்டும் ஒளிச் சென்சார்கள் கிடைக்கின்றன. அங்கே சதைப்பற்று அதிகம், அசைவு குறைவு. மணிக்கட்டைவிட நன்றாகவே அளக்கின்றன.

எண் சரி, காரணம் வேறு

சில நேரம் வாட்ச் சரியாகவே சொல்லும். நாம்தான் நம்ப மறுப்போம். கத்திரி வெயிலில், காற்றில் ஈரம் நிறைந்த கடலூர்க் காலையில், தை மாதம் நடந்த அதே வேகத்தில் நடந்தாலும் துடிப்பு பத்துக்கு மேல் கூடலாம். உடலைக் குளிர்விக்க ரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திரும்புகிறது. வியர்வையில் நீரும் குறைகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைவதால் துடிப்புகளைக் கூட்டி ஈடுகட்டுகிறது. அது வாட்சின் பிழை இல்லை. நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடிக்கச் சொல்லும் தகவல்.

எந்தத் துடிப்பு மிதமான பயிற்சி, எது கடினமானது என்று வாட்ச் பிரித்துத் தரும் மண்டலங்களிலும் கவனம் தேவை. பல கருவிகள் 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடுகின்றன. 1970-களின் தொடக்கத்திலிருந்து புழங்கும் கணக்கு அது. 2001-இல் தனகா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 351 ஆய்வுகளில் இருந்த 18,712 பேரின் தரவுகளைத் தொகுத்து வேறொரு கணக்கைச் சொன்னார்கள்: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்க வேண்டும். அறுபது வயதுக்காரருக்குப் பழைய கணக்கில் 160, புதியதில் 166. எழுபதுக்கு 150-உம் 159-உம். எந்தச் சூத்திரமும் சராசரியைத்தான் சொல்லும். தனி மனிதருக்குப் பத்துத் துடிப்பு இப்படியோ அப்படியோ விலகுவது சாதாரணம்.

ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு இந்த மண்டலங்கள் பொருந்தவே பொருந்தா. அந்த மாத்திரைகளின் வேலையே துடிப்பைக் குறைப்பது. அவர்கள் வாட்ச் கேட்கும் எண்ணைத் துரத்தி வேகத்தைக் கூட்டக் கூடாது. நடக்கும்போது பேச முடிகிறதா, பாட முடியவில்லையா என்று பார்த்தால் போதும். பேச முடிந்து பாட முடியாத வேகம்தான் மிதமான பயிற்சி.

ஓய்வில்தான் வாட்சின் பலம்

சிதம்பரம் பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்று மரபு சொல்கிறது; ஒரு நாளில் மனிதர் விடும் மூச்சுகளின் எண்ணிக்கையாம் அது. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 15 மூச்சு வருகிறது. இன்றைய மருத்துவம் ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்லும் 12 முதல் 20 வரை என்ற அளவுக்குள் அது கச்சிதமாக அமைகிறது. இந்த மூச்சையும் இப்போது சில வாட்சுகள் துடிப்பிலிருந்தே கணிக்கின்றன. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது தணிவதும்தான் அதற்கு அடிப்படை. இவ்வளவு நுட்பமான கணிப்பு சாத்தியமாவது உடல் அசையாதபோது மட்டுமே. தூங்கும்போதும் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் வாட்ச் காட்டும் எண்ணை அதனால் பெரும்பாலும் நம்பலாம்.

ஓய்வு நிலைத் துடிப்பு பெரியவர்களுக்குப் பொதுவாக 60-க்கும் 100-க்கும் இடையில் இருக்கும். நன்றாகப் பயிற்சி செய்பவர்களுக்கு 60-க்குக் கீழும் போகும். ஒரு நாள் எண்ணைவிட, வாரக்கணக்கில் அது போகும் போக்குதான் பயனுள்ளது. வழக்கமாக 64 இருப்பவருக்குத் தொடர்ந்து சில நாள் 74 காட்டினால், காய்ச்சலோ தூக்கக் குறைவோ நீர்க் குறைவோ பின்னால் இருக்கலாம். அந்த நாட்களில் ஓட்டத்தை விட்டு நடையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

வாட்ச் சரியா என்று பார்க்க இரண்டு விரலும் சுவரில் ஒரு கடிகாரமும் போதும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மறு கையின் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் உட்புறத்தில் மெதுவாக அழுத்தி, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது. அதற்கே துடிப்பு உண்டு, குழப்பிவிடும். எண்ணி முடித்து வாட்சைப் பார்த்தால், வேறுபாடு ஐந்துக்குள் இருந்தால் நல்லது. மருத்துவத் துடிப்பு மானிகளுக்கான அமெரிக்கத் தர விதியே 10 விழுக்காடு அல்லது 5 துடிப்பு, இரண்டில் எது அதிகமோ அதுவரை ஏற்கிறது. அலமாரியில் கிடக்கும் ஆக்சிமீட்டருக்கு பேட்டரி போட்டு விரலில் மாட்டினால் மூன்றாவது சாட்சியும் கிடைக்கும்.

அடுத்து, பத்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு நின்று, உடனே 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். இங்கே முழு நிமிடம் எண்ணக் கூடாது. நின்றதும் துடிப்பு வேகமாக இறங்கத் தொடங்கிவிடும். ஓய்வில் ஒத்துப்போய், நடையில் மட்டும் விலகினால் ஸ்ட்ராப்பையும் இடத்தையும் சரிசெய்ய வேண்டும். ஓய்விலேயே பெரிதாக விலகினால் அந்தக் கருவியை அடி எண்ண மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

விரலுக்குத் துடிப்பு ஒழுங்கில்லாமல், விட்டு விட்டுத் தட்டுவதாகத் தெரிந்தால் விஷயம் வேறு. ஆப்பிள் வாட்ச் அணிந்த 4,19,297 பேரை வைத்து ஸ்டான்ஃபோர்டு நடத்திய ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது. ‘துடிப்பு சீராக இல்லை’ என்ற எச்சரிக்கை பெற்றவர்கள் 2,161 பேர். அவர்களில் ஈ.சி.ஜி. ஒட்டுப்பட்டை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு பதிவானது. எச்சரிக்கையை அலட்சியம் செய்யவும் கூடாது, அதையே நோய் முடிவாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அண்ணாமலைநகரில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனையிலோ, அருகில் உள்ள எந்த அரசு மருத்துவமனையிலோ ஒரு ஈ.சி.ஜி. எடுத்து மருத்துவரிடம் காட்டினால் விடை கிடைக்கும்.

கடைசியாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் வேலை இந்த வாட்சுகளுக்குத் தெரியாது. இதயத் தசைக்கு ரத்தம் நின்றுபோன நேரத்திலும் துடிப்பு 78 என்று ஒழுங்காகக் காட்டலாம். நெஞ்சை அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் மணிக்கட்டைப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் இடமென்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகள் அங்கேயே தரப்படுகின்றன.